பூட்டு வைத்த ஒரே கதவு

பசிபிக்கின் குட்டி நாடான துவாலுவுக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கடலில் குளிக்க வருகிறவர்கள் அல்ல, கையில் கோப்போடு கூட்டத்துக்கு வருகிறவர்கள் என்பதைக் கண்டுபிடிக்கச் சலோமாவுக்கு நான்கு வருடம் ஆயிற்று. தலைநகர் ஃபுனாஃபுட்டியின் சுற்றுலா அலுவலகத்தில் மொத்த ஊழியர் அவள்தான். நான்கு வருடமும் நீலக் கடல், வெள்ளை மணல், சிரிக்கிற குழந்தை என்று சுவரொட்டி அடித்து உலகமெல்லாம் அனுப்பினாள். நீலக் கடல் உலகத்தில் எல்லாரிடமும்தான் இருக்கிறது. ஒருவரும் வரவில்லை.

ஒரு நாள் பொழுது போகாமல் குடியேற்ற அலுவலகத்திலிருந்து பழைய வருகை அட்டைகளை வாங்கி வந்து தரையில் பரப்பினாள். கூட்டம், கூட்டம், ஆய்வு, கூட்டம், பயிற்சி, கூட்டம். நடுவில் வழி தவறியதுபோல ஒரு தேனிலவுத் தம்பதி. சலோமா தலையில் அடித்துக்கொண்டாள். வருகிறவனை விட்டுவிட்டு வராதவனை அல்லவா கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்!

அன்றைக்கே முப்பது சங்கங்களுக்குக் கடிதம் போட்டாள். உங்கள் வருடாந்தரக் கூட்டத்தை எங்கள் தீவில் வைத்துக்கொள்ளுங்கள். மேசை உண்டு, மின்சாரம் உண்டு, இணையம் பெரும்பாலும் உண்டு. மாலையில் காயலுக்குள் படகில் அழைத்துப் போகிறோம். இருபத்தொன்பது பேர் வாயே திறக்கவில்லை. முப்பதாவதாக, தீவுகளின் தண்ணீர்ப் பொறியாளர் சங்கம் பதில் எழுதியது. அறுபது பேர், நான்கு நாள்; பிடித்துப்போனால் ஒவ்வொரு வருடமும். முதலில் ஆக்லாந்திலிருந்து தங்கள் ஏற்பாட்டாளர் ரூத் என்ற அம்மாள் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று சொல்லி, நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் அனுப்பியது.

அதே வாரம் இன்னொரு கடிதமும் வந்தது. அது அலெபாயோவுக்கு, கப்பல் கம்பெனியிலிருந்து.

அலெபாயோ சலோமாவின் கணவன். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் ஒன்பது வருடம் அவன் சரக்குக் கப்பலில் இருந்தான். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வீட்டுக்கு வந்ததும் முதல் வாரம் இருவருக்கும் பேசக் கூச்சமாக இருக்கும், கடைசி வாரம் பேச மனசு வராது. பிறகு கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. இரண்டு வருடமாக அவன் வீட்டோடு இருக்கிறான். படகு வாங்கி மீன் பிடிக்கிறான். அந்த இரண்டு வருடத்தில்தான் அவனுக்குத் தூக்கத்தில் சிரிக்கிற பழக்கம் இருக்கிறது என்பதே சலோமாவுக்குத் தெரிய வந்தது. இப்போது கம்பெனி மறுபடி கூப்பிடுகிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"மீனை மட்டும் நம்பி எத்தனை நாளைக்கு ஓட்டறது?" என்றான் அலெபாயோ. "உன் கூட்டம் வந்துச்சுன்னா சொல்லு. அறுபது பேரைக் காயலுக்குள்ள இருக்கற குட்டித் தீவுக்குக் கூட்டிட்டுப் போக என் படகு இருக்கு, நான் இருக்கேன். வரலேன்னா கப்பல்தான். வேற என்ன பண்ண?"

"வரும்" என்றாள் சலோமா.

"நீ சுவரொட்டி அடிச்சப்பவும் இதேதான் சொன்ன."

படிவத்தின் பதினேழாவது கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. தங்கும் அறைக்குப் பூட்டுடன் கூடிய கதவு உண்டா? ஊரில் உள்ள விடுதிகளை எல்லாம் சேர்த்தாலும் முப்பத்தைந்து பேருக்கு மேல் படுக்க முடியாது. மிச்ச இருபத்தைந்து பேரும் வீடுகளில்தான் தங்க வேண்டும். வீடுகளில் வாசலுக்குக் கதவு இருக்கும். உள்ளே அறைக்கு அறை சேலைத்துணிபோலப் பூப்போட்ட ஒரு திரை தொங்கும், அவ்வளவுதான். வீட்டுக்குள் யாரிடமிருந்து யார் பூட்டிக்கொள்வது?

ஆனால் படிவம் கேட்கிறது. அலெபாயோ துறைமுகத்தில் கிடந்த சரக்குப் பெட்டிகளை உடைத்துப் பலகை கொண்டு வந்தான். மூன்று நாள் இழைத்து இழைத்து ஒரு கதவு செய்தான். கப்பலில் தன் பெட்டிக்குப் போட்டிருந்த பித்தளைப் பூட்டைக் கழற்றி அதில் பொருத்தினான். முன்னறையை ஒட்டிய அறைக்கு அதை மாட்டியதும், அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து திறந்தும் சாத்தியும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அலெபாயோவின் அத்தை வாசா அடுத்த வீட்டில் இருக்கிறாள். ஆள் தாட்டியானவள். சிரித்தால் அவளுக்கு முன்னால் வயிறு சிரிக்கும். கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏண்டா, வர்ற பொம்பளை என்ன, திருடியா?"

"இல்ல அத்தே. நம்மளைத் திருடன்னு நெனைக்காம இருக்கறதுக்குத்தான் இது."

"உள்ள போய்ப் பூட்டிக்கிட்டா அப்புறம் அவ கூட யாரு பேசறது?"

"பேசத்தான் கூடாதாம்" என்றாள் சலோமா. "அவங்க வேலை பாக்க வர்றவங்க. நீ கொஞ்சம் கம்முனு இரு அத்தே. இதுல என் பொழப்பு மட்டும் இல்ல, உன் மருமகன் பொழப்பும் இருக்கு."

வாசா சரி என்றாள். அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

ரூத் செவ்வாய்க்கிழமை விமானத்தில் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, குட்டை முடி, தோளில் கணினிப் பை. விடுதியில் அறை போட்டிருப்பதாகச் சலோமா சொன்னபோது தலையை ஆட்டினாள்.

"விடுதி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மிச்ச இருபத்தஞ்சு பேர் எங்க தூங்குவாங்களோ, அங்கதான் நான் தூங்கிப் பாக்கணும். உங்க வீட்டுல இடம் இருக்கா?"

சலோமாவுக்குக் கதவு ஞாபகம் வந்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

முதல் நாள் ஒரு குறையும் இல்லை. தேங்காய்ப்பாலில் வெந்த மீனையும் புலாக்காக் கிழங்கையும் ரூத் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். காலையில் இறக்கிய பதநீரை இரண்டு குவளை குடித்தாள். "குட் நைட்" சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பூட்டு டக்கென்று விழுந்த சத்தம் கேட்டு அலெபாயோ தன் மனைவியைப் பார்த்துப் பெருமையாகப் புருவத்தை உயர்த்தினான்.

விடிந்ததும் ரூத் கதவைத் திறந்து காலை எடுத்து வைத்தாள். வைத்த இடம் வாசா அத்தையின் வயிறு.

வாசா தாழம்பாயை நிலைப்படிக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மிதி பட்டதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்து, "நல்லாத் தூங்குனியாம்மா?" என்று துவாலு மொழியில் விசாரித்தாள்.

சலோமாவுக்கு மானம் போயிற்று. விருந்தாளியைத் தனியாக விடுவது என்பது இங்கே அந்தக் குடும்பத்துக்கே இழுக்கு. சாப்பிடும்போது எதிரே ஒருவர் உட்கார வேண்டும், ஈ ஓட்டவாவது. தூங்கும்போது கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். விருந்தாளி ஒற்றையாய்க் கிடந்தாள் என்று நாளைக்கு ஊரில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. இதையெல்லாம் சலோமா தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினாள்.

ரூத் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்: "அழகான வழக்கம்தான். ஆனா எங்க ஆளுங்க பகல்ல கூட்டம் முடிச்சு, சாயங்காலம் அறையில உக்காந்து வேலை பாப்பாங்க. வீட்டுக்குப் பேசுவாங்க. சில பேர் சும்மா விட்டத்தைப் பாத்துட்டுப் படுத்திருப்பாங்க. அவங்களை அப்படியே விட உங்களால முடியுமா? அதைத்தான் நான் எழுதணும். இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் என்னைத் தனியா விட்டுப் பாருங்களேன்."

சலோமா அத்தையிடம் போய்த் திரும்பத் திரும்பச் சொன்னாள். ரெண்டு மணி நேரம். யாரும் கூப்பிடக் கூடாது. கதவு கிட்டயே போகக் கூடாது. வாசா ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். சலோமா ஊர்க்கூடத்தில் நாற்காலி எண்ணப் போனாள்.

வாசா என்ன செய்வாள் பாவம்? பட்டப்பகலில் ஒரு பெண் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். சாப்பாடு வேண்டாம் என்கிறாள். யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்கிறாள். அவள் ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள், செய்தி கணினியில் வந்திருக்கிறது, வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே அழுகிறாள். வாசா இதைத் தவிர வேறு எதை நினைப்பாள்? யாரும் வேண்டாம் என்று சொல்கிறவளைத்தானே முதலில் போய்ப் பார்க்க வேண்டும்!

சலோமா திரும்பி வந்தபோது தெருவிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. முன்னறையில் பதினான்கு பெண்கள் கதவைப் பார்த்து உட்கார்ந்து தேவாலயத்துத் துக்கப் பாட்டை நான்கு குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தட்டு தட்டாகச் சாப்பாடு. போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. ரூத் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

பாட்டு நின்றது. பதினான்கு பேரும் சலோமாவைப் பார்த்தார்கள். சலோமா வாசாவைப் பார்த்து அதையே துவாலு மொழியில் கேட்டாள். வாசா ரூத்தைப் பார்த்து, "அதை நீதாம்மா சொல்லணும்" என்றாள்.

விஷயம் விளங்கியதும் ரூத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சலோமாவுக்குப் பிடிபடவில்லை. சிரிப்புத்தான். சமைத்ததை வீணாக்கக் கூடாது என்று எல்லாருமாகச் சாப்பிட்டார்கள். ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் ரூத் படிவத்தை எடுத்து ஏதோ ஒரு வரி எழுதியதைச் சலோமா பார்த்தாள். சமையல்கட்டில் அலெபாயோவிடம் வந்து நின்றாள்.

"போச்சு."

"என்ன போச்சு? நல்லாத்தான சாப்பிட்டாங்க."

"சாப்பிடறதுக்கா வந்தாங்க? உங்க அத்தையால நீ கப்பல் ஏறப் போற. ஒன்பது வருசம் நான் இந்த வீட்டுல ஒத்தையில சாப்பிட்டிருக்கேன் அலெபாயோ. மறுபடியும் என்னால முடியாது. முடியாதுன்னா முடியாது." அவள் இதை இவ்வளவு வெளிப்படையாக ஒருபோதும் சொன்னதில்லை. சொன்னதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

அலெபாயோ வெளியே போய் அத்தையிடம் என்னவோ பேசினான். 

வியாழக்கிழமை காலையிலேயே வானம் உடைத்துக்கொண்டது. நான்கு மாதமாக ஒரு சொட்டு இல்லாமல் தொட்டிகள் அடிமண்டி தெரியக் கிடந்தன. ஊரே வாளியோடு வெளியே வந்து ஆடியது. ரூத்தை ஏற்றிப் போக வேண்டிய விமானம் ஓடுதளத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஃபிஜிக்கே திரும்பிப் போயிற்று. அடுத்த விமானம் சனிக்கிழமை.

மதியம் ரூத் தன் குழுவோடு கணினியில் பேச வேண்டுமென்று அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். இந்தத் தடவை நிலைப்படியில் யாரும் இல்லை. முன்னறையிலும் யாரும் இல்லை. சலோமா தானே காவல் நின்று எல்லாரையும் வெளியே துரத்திவிட்டு, தொட்டியில் தண்ணீர் விழுகிற குழாயைச் சரி பண்ணப் போனாள்.

அரை மணி நேரத்தில் மின்சாரம் போயிற்று. மழை இன்னும் வலுத்தது. ரூத் பூட்டைத் திறந்து கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. சரக்குப் பெட்டிப் பலகை மழை ஈரத்தில் ஊதி, நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. காலை ஊன்றி இழுத்துப் பார்த்தாள். கைப்பிடிதான் கையோடு வந்தது. அறையோ மதியத்திலேயே இருட்டிக் கிடந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள்.

"இருக்கோம்!"

ஐந்து குரல். இரண்டு ஜன்னலுக்கு அடியிலிருந்து, ஒன்று சுவருக்குப் பின்னாலிருந்து, ஒன்று தூண்மேல் நிற்கிற வீட்டின் தரைக்குக் கீழிருந்து. கதவு கிட்டே போகக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்? ஜன்னலைப் பற்றி யார் என்ன சொன்னார்கள்? ஐந்தாவது குரல் வாசா அத்தையுடையது. ஜன்னலுக்கு நேர் கீழே, தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு ரூத் உள்ளே போனதிலிருந்தே கொட்டுகிற மழையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதம்மா" என்று ஜன்னல் கம்பி வழியாகக் கையை உள்ளே விட்டாள். மொழி புரியாவிட்டாலும் ரூத் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அலெபாயோ கடப்பாரையோடு ஓடி வந்து கதவைப் பெயர்த்து எடுக்கிற வரைக்கும் விடவில்லை.

பெயர்த்த கதவைச் சுவரில் சாத்தி வைத்தார்கள். அறைக்கு மறுபடி பழைய பூப்போட்ட திரை வந்தது.

அன்று மாலை மழை நின்று, வீட்டுக்கு வீடு தொட்டி வழிந்தது. ரூத் சலோமாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட சுத்தி வளைச்சுப் பேச விரும்பல சலோமா. அறுபது பேர் இங்க முடியாது. அறை இல்ல, விமானம் சொன்ன நாளைக்கு வராது. இருபத்தஞ்சு பேர்னா தாராளமா முடியும். சின்னக் கூட்டமா, வருசத்துக்கு ரெண்டு மூணு வெக்கலாம். நான் அப்படித்தான் எழுதப்போறேன்."

"பதினேழாவது கேள்விக்கு?"

"கதவு இல்லைன்னு எழுதுவேன். பொய் எழுத முடியாதே. கூப்பிட்டா ஆள் வர எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறதுக்கு அதுல எடம் இல்ல. ஓரத்துல எழுதி வெக்கறேன்."

"முடிவு எப்பத் தெரியும்?"

"குழு கூடித்தான் சொல்லணும். ஆறு வாரம் ஆகும்."

ஆறு வாரம். கப்பலுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாளைக்கு. சலோமா நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். யாரைக் குறை சொல்வது? ரூத் பேசியது அத்தனையும் நியாயம். நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது. அலெபாயோவிடம் வந்து ரூத் சொன்னதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"இருபத்தஞ்சு" என்றான் அவன். "அதுவும் வந்தா."

"ஆமா. வந்தா."

மறுநாள் காலையில் அவன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கப்பல் முகவரின் அலுவலகம் இருக்கிற பக்கமாகப் போனான். எங்கே போகிறாய் என்று சலோமா கேட்கவில்லை. திரும்பி வந்தபோது என்ன சொன்னாய் என்றும் கேட்கவில்லை. கூட்டம் உறுதியாகாவிட்டால் கப்பல் என்பதுதானே ஒப்பந்தம். பரணில் இருந்த அவனுடைய கப்பல் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, மடிக்க வேண்டிய சட்டைகளை மடித்தாள்.

சனிக்கிழமை விமானம் வருவதற்கான சங்கு ஊதியது. ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்தவர்களும் நாய்களும் ஒதுங்கினார்கள். ரூத்தின் கழுத்தில் மாலை போட்டுப் போட்டு மூக்கு வரைக்கும் ஏறிவிட்டது. அவள் வாசா அத்தையைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள். வாசாவும் என்னவோ சொன்னாள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ரூத் படியேறும்போது அவளோடு உள்ளே போய் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு வருவேன் என்று வாசா அடம்பிடித்தாள். காவலர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அலெபாயோ உளியை எடுத்துக்கொண்டு கதவின் முன்னால் உட்கார்ந்தான். பித்தளைப் பூட்டைக் கழற்ற ஆரம்பித்தான். சலோமாவுக்குத் தாங்கவில்லை. கப்பல் பெட்டிக்குப் பூட்டு வேண்டுமே.

"என்னிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டுவிட்டாள்.

"எங்க?"

"வெளையாடாத. நேத்துப் போய்ச் சொல்லிட்டு வந்தியே."

"ஆமா, சொல்லிட்டு வந்தேன். வரலேன்னு சொல்லிட்டு வந்தேன்."

சலோமா நின்ற இடத்திலேயே நின்றாள். "இன்னும் முடிவே தெரியலியே. ஆறு வாரத்துல அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

"மீனைப் புடிக்கிறேன். இந்தப் பலகையை அறுத்துப் படகுக்கு இன்னொரு பெஞ்சு போடறேன். யாராவது வராமலா போயிடுவாங்க?" அவன் பூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கேயோ இருந்து வந்த ஒரு அம்மா, நாலு நாள் இருந்துட்டுப் போறவங்க. அவங்களைத் தனியா விடக் கூடாதுன்னு எங்க அத்தை மழையில உக்காந்திருக்கா சலோமா. நான் உன்னை ஒன்பது வருசம் விட்டிருக்கேன். ஒரு நாள்கூட எனக்கு இது தோணல. நீ அன்னிக்குச் சமையல்கட்டுல சொன்ன பாரு, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல."

சலோமா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பூட்டோடு சேர்த்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாக அடக்கி வைத்த அழுகை. சத்தமாகவே வந்தது.

"யாருடி அது அழறது?" ஜன்னலுக்கு அடியிலிருந்து வாசா அத்தையின் குரல் கேட்டது. "நான் வரட்டா?"

"வேணாம் அத்தே!" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

"சரி" என்றாள் வாசா. சொல்லிவிட்டு, தாழம்பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.